கொழும்புக் காற்றும் கொஞ்சம் பைலாவும்

தூத்துக்குடிக்கு முதல் தடவை போகிற வெளியூர் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் நடந்தால் 'நைட் கிளப்' என்று போர்டு கண்ணில் படும். உடனே சட்டையை டக்-இன் செய்து, தலையைச் சீவி, பர்ஸை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆவலாக உள்ளே நுழைவீர்கள். அங்கே பனியன் போட்ட ஒருத்தர் 'டங்... டங்...' என்று கல்லில் பரோட்டாவைக் கொத்திக்கொண்டிருப்பார்! இந்த ஊர் வழக்கில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடை. ஆட்டம் பாட்டம் கிடையாது. ஆடித்தான் தீருவேன் என்றால் சால்னாவின் காரம் உங்களை ஆட வைக்கும்.

அதற்காக, நிஜமான நைட் கிளப் சங்கீதம் இந்த ஊருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கிடார், பாங்கோ, டிரம்ஸ், 'ஹோய்' என்று ஒரு கும்பல் கோரஸ்... எல்லாம் ஒரு காலத்தில் டிக்கெட் வாங்காமல், கஸ்டம்ஸ் டூட்டி கட்டாமல், கடல் மேல் காற்றிலேயே வந்து இறங்கியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு நண்பனைப் பார்க்க அவன் ஆபீஸுக்குப் போயிருந்தேன். பக்கத்து சீட் பையன் இயர்போனை என் காதில் திணித்து, "இது இண்டி பாப் சார். படம் கிடையாது, ஹீரோ கிடையாது, பசங்களே எழுதி பசங்களே பாடறாங்க. தமிழ்ல இதெல்லாம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'இப்பத்தான்' என்ற வார்த்தையில் ஐம்பது வருஷம் ஷார்ட்டேஜ்! பி.காம். படித்தவனுக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்தேன்.

தமிழில் சினிமா இல்லாத பாப் பாட்டு 1960-களின் கடைசியிலேயே பிறந்துவிட்டது. பிறந்த வீடு சென்னை இல்லை; இலங்கை. அங்கே அதற்கு 'பொப்' என்று பெயர். (நாம் 'பாப்' என்கிறோம், அவர்கள் 'பொப்' என்கிறார்கள். 'ஆபீஸ்'காரர்களான நாம் 'ஒபீஸ்'காரர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரனைக் கேட்டால் ரெண்டும் தப்பு என்பான்.)

நித்தி கனகரத்தினம் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துப் பையன். அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் விவசாயம் படிக்கிற நாட்களில் கிடாரும் கையுமாகப் பாட்டுக் கட்டினார். 'சின்ன மாமியே' அவருடையதுதான். மாமியிடம் நைசாக மகளைப் பற்றி விசாரிக்கிற பாட்டு. இதைவிட யூனிவர்ஸலான சப்ஜெக்ட் தமிழில் உண்டா, சொல்லுங்கள்! கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் இன்னொரு பாட்டும் பாடினார். அதன் மெட்டு எப்படிப்பட்டதென்றால், கேட்டவர்கள் கள்ளுக்கடையிலேயே உட்கார்ந்து பாடக்கூடிய மெட்டு.

திருகோணமலையில் பரமேஸ், கோணேஸ் என்று அண்ணன் தம்பிகள். கிடார், கோஷ்டி எல்லாம் சொந்தம். இலங்கைத் தமிழில் இசைத்தட்டுப் போட்ட முன்னோடிகள் இவர்கள். அப்புறம் எஸ்.ராமச்சந்திரன், இமானுவேல் என்று ஒரு வரிசை. இவர்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி மேடையை அதிரடித்தவர் ஏ.ஈ.மனோகரன். அங்கே அவருக்குப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம்.

ஏன் இது அங்கே நடந்தது, இங்கே நடக்கவில்லை? நான் யோசித்துப் பார்த்த வரையில், நமக்கு சினிமா இருந்தது. அதுதான் நம் பிரச்னை. இங்கே ஒரு பையன் நன்றாகப் பாடினால் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறினான். அங்கே பாடினவனுக்கு ஏற ரயில் இல்லை. இலங்கையில் தமிழ்ப் படங்கள் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான் வந்தன. தியேட்டரில் ஓடினதெல்லாம் நம்ம எம்.ஜி.ஆரும் சிவாஜியும். தன் ஊர்ப் பேச்சில், தன் ஊர்ச் சங்கதியைப் பாட வேண்டுமென்றால் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினால்தான் உண்டு. பக்கத்திலேயே சிங்களப் பையன்கள் வேறு உதாரணமாக இருந்தார்கள். கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் 'மூன்ஸ்டோன்ஸ்' 1960-களிலேயே கிடாரோடு சிங்களப் பாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது.

சரி, இதற்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்?

திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, வலை பின்னிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நானாகப் போய் உட்கார்ந்தேன். வாலிபத்தில் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். ரேடியோ என்றதும் நிமிர்ந்தார்.

"சிலோன் ரேடியோவா? தம்பி, நாங்க திருச்சி ஸ்டேஷனைத் திருகுனா கொர்ருனு இரையும். சிலோனைத் திருகுனா பக்கத்து வீட்டுத் திண்ணையில இருந்து பேசுத மாதிரி இருக்கும் பாத்துக்கிடுங்க."

"அவ்வளவு தூரத்திலிருந்தா?"

"தூரமா? இங்கன இருந்து மெட்ராஸ் எம்புட்டு தூரம்? கொழும்பு எம்புட்டு தூரம்? நீங்களே கணக்குப் போடுங்களேன்."

போட்டேன். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு சுமார் 150 கடல் மைல், அதாவது 280 கிலோமீட்டருக்குள். பாதிக்கும் கம்மி! போதாததற்கு பௌதிகமும் அவர் பக்கம். மத்திய அலை ரேடியோ தரையைத் தடவிக்கொண்டு வரும்போது மண்ணும் மலையும் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் மேல் அலை அவ்வளவாகத் தேயாமல் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். நடுவே மன்னார் வளைகுடா முழுக்க உப்புத் தண்ணீர்தானே!

அரசாங்கமும் தன் பங்குக்கு உதவி செய்தது. 1952-ல் டெல்லியில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதைக் கிட்டத்தட்ட நிறுத்தினார். ஜனங்கள் கர்நாடக சங்கீதம் கேட்டுத் திருந்திவிடுவார்கள் என்பது எண்ணம். ஜனங்கள் ரேடியோ முள்ளை அந்தப் பக்கம் திருப்பினார்கள்! இரண்டாம் உலகப் போரில் மவுன்ட்பேட்டனின் ராணுவத்துக்காக வைத்த பிரம்மாண்ட டிரான்ஸ்மிட்டர் போர் முடிந்ததும் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. 1957-ல் நம்மவர்கள் விவித பாரதியை ஆரம்பித்துச் சமாளிப்பதற்குள் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்கக் கொழும்புக்கு மாப்பிள்ளையாகிவிட்டது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் பேர்களைப் பெரியவர் சொந்தக்காரர் மாதிரி அடுக்குகிறார். "ராஜா வேகமாப் பேசுவான். ஆனா ஒரு எழுத்து வழுக்காது."

சினிமாப் பாட்டுக்காகத் திருப்பின ரேடியோவில்தான், இடையிடையே, யாரும் கேட்காமலே இந்தப் பொப் பாட்டுகளும் வந்து விழுந்தன. படத்தின் பெயர் சொல்லாமல் பாட்டைப் போடுகிறானே என்று முதலில் குழம்பினார்களாம். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுகூடச் சரியில்லை. இந்தக் கடற்கரைக்கு அந்தத் தாளம் ஏற்கெனவே தெரிந்த தாளம்.

எப்படி என்கிறீர்களா? பீச் ரோட்டில் பனிமய மாதா பேராலயத்துக்குப் போய் நில்லுங்கள். 1535-லிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் இந்த முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கர்களானார்கள். முத்துப் பார்களின் மீது உரிமைச் சண்டை. பாதுகாப்புக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள். கூடவே ஞானஸ்நானமும் வந்தது. 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே கப்பல்கள், அதே பாதிரியார்கள். 1658-ல் டச்சுக்காரன் வந்து போர்த்துக்கீசியரைத் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒரே வருஷத்தில் துரத்தினான். ஆனால் பேர்களைத் துரத்த முடியவில்லை. இந்தப் பக்கம் பர்னாந்து, ரொட்ரிகோ. அந்தப் பக்கம் நீர்கொழும்பில் பெர்னாண்டோ, பெரேரா. தூத்துக்குடியிலிருந்து போய்க் கொழும்பில் தங்கிவிட்டவர்களை இலங்கை அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கில் 'பரதர்' என்று தனி இனமாகவே எண்ணுகிறது.

போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொத்தில் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்து, வாயில் வைத்தால் காணாமல் போகிற மக்ரூனும் அவர்கள் கைங்கரியம்தான் என்பார்கள். (கால் கிலோ வாங்கினேன். வேலைக்கு நடுவே தெம்புக்கு.) இலங்கையில் அவர்கள் விட்டுப்போன இன்னொரு சொத்துதான் பைலா. போர்த்துக்கீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. அவர்கள் கூட்டி வந்த ஆப்பிரிக்கர்களும் பறங்கியர்களும் கலந்து ஆடிப் பாடி வளர்த்த ஆறு எண்ணிக்கைத் தாளம். நம்மூர் பாஷையில் திஸ்ர நடை. கால் தானாக ஆடும்; நிறுத்துவதற்குத்தான் முயற்சி வேண்டும். வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். மனோகரன் வகையறா தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கடனுக்கு வட்டி மாதிரி அது ரேடியோ வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது.

இந்த வியாபாரத்தில் தூத்துக்குடி வாங்கியது மட்டும்தானா, கொடுக்கவில்லையா? கொடுத்தது. 1927 ஆகஸ்ட்டில் இந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. மாதாவின் பெயரைச் சேர்த்து ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். பிரிட்டிஷ்காரன் குடும்பத்தையே கொழும்புக்கு அனுப்பிவிட்டான். பையன் அங்கேதான் படித்தான், வளர்ந்தான். திரும்பி வந்து, மெட்ராஸில் பட்டினி கிடந்து, சினிமாவில் நுழைந்து, தொண்டையை உடைத்து 'யோடலிங்' பண்ணி, இடுப்பைத் திருகி ஆடி... ஆமாம், ஜே.பி.சந்திரபாபு! தமிழ் சினிமாவின் முதல் பாப் ஸ்டார் தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பீச் ரோட்டில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தவன் சொல்ல மாட்டான்.

சந்திரபாபு 1974-ல் போனார். அதே வருஷம் ஜூலையில்தான் தூத்துக்குடியின் புதுத் துறைமுகம் இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் பத்தாவதாக அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு அதற்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். நியாயமான பெயர். 1906-ல் அந்த மனிதர் கம்பெனி ஆரம்பித்ததே தூத்துக்குடி - கொழும்பு கப்பல் விடத்தானே!

மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டியதும் இந்தச் சமயத்தில்தான். பாதி சிங்களம், பாதி தமிழ், கடைசியில் விஷயம் என்னவென்றால் மீன்! கடற்கரைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்துக்கொண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். மனோகரனும் சென்னைக்கு வந்தார். இங்கே 'சிலோன் மனோகர்' ஆனார். சக்கரவர்த்திக்கு நம் சினிமா என்ன வேஷம் கொடுத்தது தெரியுமா? தாடியோடு வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிற வேஷம். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. ஈழத்தமிழ்ப் பேச்சென்றால் சிரிப்பு, ஈழத்துப் பாட்டென்றால் பிக்னிக் பஸ்ஸில் கை தட்டுகிற பாட்டு - இப்படியே வைத்துவிட்டோம். பின்னால் சொந்தப் பாட்டோடு இருந்த அந்தப் பெரிய கூட்டத்தை நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபோது ஞாபகம் வந்தது அந்த ஒரே பாட்டுதான்.

எண்பதுகளில் இந்த இசை இன்னும் பெரிதாக வளர்ந்திருக்க வேண்டும். கேஸட் வந்துவிட்டது, ரிக்கார்டுக் கம்பெனி தயவு வேண்டாம், ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கிடாரை எடுத்துக்கொண்டு ஓடுகிற நிலையில் யார் இருந்தார்கள்? பாடினவர்கள், வாசித்தவர்கள், மேடை போட்டவர்கள், டிக்கெட் வாங்கிக் கேட்டவர்கள்... ஆளுக்கொரு தேசம். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் எண்பதுகளின் நடுவில் நின்றது. 1989-ல் கே.எஸ்.ராஜாவைக் கொழும்பில் கொன்றார்கள். அந்தப் பேரைச் சொன்னதும் பெரியவர் பின்னுவதை நிறுத்தினார்.

"நாங்க அவனைப் பாத்ததில்ல தம்பி. குரல்தான். அன்னிக்கு இந்தத் தெருவுல ரெண்டு பொம்பளைங்க அழுதாங்க."

பேச்சு முத்துக்குத் திரும்பியது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, தோணியில் கயிறு பிடிக்கிறவனை நம்பி இறங்குகிற வேலை. கொற்கைக் காலத்திலிருந்து நடந்த தொழில். சிப்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பாரில் லட்சக்கணக்கில் கிடக்கும். அடுத்த தடவை போனால் வெறும் மணல். வருஷக்கணக்கில் காணாது. அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். 1955-ல் அப்படி வந்ததுதான். 1961-க்குப் பிறகு வரவேயில்லை. 1973-ல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இங்கேயே சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். "அதெல்லாம் மாடு செனை ஊசி மாதிரி தம்பி" என்று பெரியவர் அதை அங்கீகரிக்க மறுத்துவிட்டார்.

நான் செல்போனை எடுத்து நித்தியின் பாட்டைப் போட்டேன். பழைய இசைத்தட்டின் கீறல் சத்தத்தோடு, யாரோ வீட்டில் பத்திரமாக வைத்திருந்து ஏற்றியது. இப்படிப் பரணிலிருந்தும் பெட்டியிலிருந்தும் கனடா, ஆஸ்திரேலியா, லண்டன் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. பத்து சிப்பி திறந்தால் ஒன்பது சுமார்தான். நான் வக்காலத்து வாங்க வரவில்லை. சிலதில் கிடாருக்கும் பாடுகிறவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் பத்தாவது வரும்போது நிமிர்ந்து உட்காருகிறோம். சினிமாப் பாட்டில் ஹீரோவுக்காகப் பாடுவான். இதில் பாடுகிறவன் தனக்காகப் பாடுகிறான். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது.

பாட்டுச் சத்தம் கேட்டுப் பெரியவரின் பேரன் வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். தலையாட்டிக் கேட்டான். முடிந்ததும், "சூப்பரா இருக்குண்ணே. எந்தப் படம்?" என்றான.

"படம் இல்லைப்பா."

"ஆல்பமா? எந்த வருஷம்?"

"உங்க அப்பா பிறக்கறதுக்கு முன்னாடி."

நம்பவில்லை. அவனுடைய செல்போனில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்று பெரிய கப்பல். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். அத்தனை பேர் ஏறவில்லை. அந்த நவம்பரிலேயே நின்றுபோயிற்று. எரிபொருள் செலவு இவ்வளவு, டிக்கெட் வரவு இவ்வளவு. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது, புரிகிறது. ஆனாலும் பழைய துறைமுகத்துப் பக்கம் நின்று தெற்கே பார்த்தால், ராத்திரி ஏறினால் மறுநாள் இறங்குகிற தூரத்தில் ஒரு பாட்டு ஊர் இருக்கிறது என்கிற நினைப்பு மனசை அரிக்கத்தான் செய்கிறது.

நீங்கள் போவதானால் ஜூலை கடைசி வாரம் போங்கள். ஜூலை 26-ல் மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. ஊரே வெளிச்சமாக இருக்கும். தங்கத் தேரை நம்பிப் போகாதீர்கள்; அது எப்போதாவதுதான் ஓடும். 2023-ல் ஓடியது. சாயங்காலம் ரோச் பூங்காப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார இடம் உண்டு. இயர்போனில் முதலில் சந்திரபாபு, அப்புறம் நித்தி, அப்புறம் பரமேஸ் - கோணேஸ், கடைசியில் மனோகரன் என்று வரிசையாகப் போடுங்கள். 'சுராங்கனி'யை முதலில் போட்டுவிட்டால் அப்புறம் மற்றது எதுவும் காதில் ஏறாது; அனுபவத்தில் சொல்கிறேன். அதன் பிறகு நைட் கிளப்புக்குப் போகலாம். நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். பேரன் பெயரில் இருந்த பென் டிரைவை நீட்டினார்.

"அந்தப் பாட்டெல்லாம் இதுல ஏத்திக் குடுத்துட்டுப் போங்க தம்பி. நடுவுல அந்த ராஜா பேசுனது எங்கயாச்சும் கெடச்சா அதையும் சேத்துப் போடுங்க."